தைராய்டு கண் நோய்க்குக் கதிர்வீச்சு: எந்தப் பார்வைக் கோளாறுக்கு, எந்த நேரத்தில்?

தைராய்டு கோளாறோடு கண்ணும் பாதிக்கப்பட்டு, பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கிய ஒருவரிடம், கண்ணுக்குப் பின்னால் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் மனத்தில் முதலில் எழுவது புற்றுநோய் பற்றிய அச்சம்தான். கதிர்வீச்சுத் துறை பெரும்பாலும் புற்றுநோய்ப் பிரிவோடு சேர்ந்தே இயங்குவதால், அங்கே காத்திருக்கும்போது அந்த அச்சம் இன்னும் கூடும். தைராய்டு கண் நோய் புற்றுநோய் அல்ல. உடலின் வேறிடத்துக்குப் பரவுவதும் இல்லை. இங்கே கதிர் குறிவைப்பது கட்டியை அல்ல, கண்குழிக்குள் கூடியிருக்கும் அழற்சியை. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்குப் பொதுவாக 60 முதல் 70 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) வரை கதிர் தரப்படுகிறது. தைராய்டு கண் நோய்க்கு வழக்கமான அளவு 20 கிரேதான்.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும்போது அதை அடக்கத் தரப்படும் ரேடியோ அயோடின் சிகிச்சையும் கதிரியக்கம் சார்ந்தது என்பதால், இரண்டையும் ஒன்றென்று எண்ணுபவர்கள் பலர். ரேடியோ அயோடின் வாய்வழியாக உட்கொள்ளப்பட்டு, கழுத்தில் உள்ள சுரப்பியில் போய்ச் சேர்ந்து, அங்கேயே வேலை செய்கிறது. கண்ணுக்கான கதிர்வீச்சோ வெளியே நிற்கும் எந்திரத்திலிருந்து வருவது. சிகிச்சை முடிந்த நொடியில் உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை, வீட்டில் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்கவும் தேவையில்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு, ரேடியோ அயோடின் சிலருக்குக் கண் நோயை மோசமாக்கக்கூடும் என்பது. இத்தாலியில் பீசா நகர மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட, 443 பேரைக் கொண்ட ஆய்வில், ரேடியோ அயோடின் மட்டும் பெற்றவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குக் கண் நோய் புதிதாகத் தோன்றியது அல்லது கூடியது; கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் பெற்றவர்களில் எவருக்கும் அது கூடவில்லை. ஆகவே, "எனக்குக் கதிர்வீச்சு வேண்டாம், கண் கெட்டுவிடும் என்று கேள்விப்பட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கேள்விப்பட்டது எந்தக் கதிர்வீச்சைப் பற்றி என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கண் நோயோடு வரும் தைராய்டு நோயை டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மனியின் கார்ல் வான் பாசெடோ 1840இலும் விவரித்தனர்; ஆங்கிலம் பேசும் நாடுகளில் முன்னவர் பெயராலும், ஐரோப்பாவின் பல பகுதிகளில் பின்னவர் பெயராலும் அது வழங்குகிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே தடம் மாறி, தைராய்டு சுரப்பியின் செல்களில் உள்ள ஓர் ஏற்பியை (வெளியிலிருந்து வரும் சைகைகளைப் பெறும் புரதத்தை) தாக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்குவதுதான் இதன் வேர். அதே ஏற்பி கண்குழிக்குள் இருக்கும் நார்த்திசு செல்களிலும் இருப்பதால், கழுத்தில் தொடங்கிய தகராறு கண்ணுக்கும் வந்து சேர்கிறது. தூண்டப்பட்ட அந்தச் செல்கள் ஹயலுரோனான் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அவற்றுள் சில கொழுப்புச் செல்களாகவும் மாறுகின்றன. லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கே வந்து கூடி, இந்தத் தூண்டுதலை மேலும் வளர்க்கின்றன.

வேறோர் இடமாக இருந்தால் இந்த வீக்கம் இவ்வளவு தொல்லை தந்திருக்காது. கண்குழி என்பது எலும்புச் சுவர்களால் ஆன, பின்பக்கம் குறுகிக்கொண்டே போகும் ஒரு கூம்பு. அதன் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். அதற்குள் கண்கோளம், அதை அசைக்கும் தசைகள், கொழுப்பு, ரத்தக் குழாய்கள், பார்வை நரம்பு எல்லாம் அடங்கியாக வேண்டும். உள்ளே தசையும் கொழுப்பும் பருக்கும்போது சுவர்கள் விலகாததால், திறந்திருக்கும் ஒரே பக்கமான முன்பக்கத்தை நோக்கிக் கண் தள்ளப்படுகிறது. முகத்தில் தெரியும் துருத்தல் இதுதான். பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே பெரிதாகப் படும். மருத்துவரை அதிகம் கவலைப்படுத்துவது உள்ளே நடப்பது.

பார்வை கெடுகிறது என்று நோயாளி சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியாமல் கதிர்வீச்சு பயன் தருமா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

முதலாவது இரட்டைப் பார்வை. வீங்கிய தசை இழுபடும் தன்மையை இழந்து, கயிறு கட்டியதுபோலக் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது கண்ணுக்கு அடியில் உள்ள தசை. அடுத்தது மூக்குப் பக்கத்துத் தசை. அடியில் உள்ள தசை விட்டுக்கொடுக்காவிட்டால் கண் மேல்நோக்கிப் போகாது. ஆகவே பேருந்தின் மேல் பலகையைப் படிக்கும்போதும், உயரத்தில் மாட்டிய நாட்காட்டியைப் பார்க்கும்போதும் உருவம் இரண்டாகப் பிரிகிறது. இதைத் தவிர்க்கவே சிலர் தங்களை அறியாமல் முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். காலையில் எழுந்தவுடன் இது மிகுந்தும், நேரம் போகப் போகக் குறைந்தும் தெரிவதுண்டு. ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைந்துவிடும். மறையாவிட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நேராகப் பார்ப்பதிலும், படிக்கக் கீழே நோக்குவதிலும் இரட்டை வந்துவிட்டால் வண்டி ஓட்டுவது, படியிறங்குவது, காய் நறுக்குவது எல்லாமே சிக்கலாகிவிடும்.

இரண்டாவது, பார்வை நரம்பு நெரிபடுவது. கூம்பின் பின்முனையில், பருத்த தசைகள் சூழ்ந்து நரம்பை இறுக்கும்போது நிறங்கள் வெளிறுகின்றன, பார்வைப் புலத்தில் நிழல் விழுகிறது, பிறகு எழுத்துகளும் மங்குகின்றன. தைராய்டு கண் நோய் உள்ளவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இந்த நிலை நேர்கிறது. ஒரு சிவப்பு மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்தால், ஒரு கண்ணுக்கு அது செங்கல் நிறமாகவோ சாயம் போனதாகவோ தெரிவது இதன் அடையாளமாக இருக்கலாம். விந்தை என்னவென்றால், கண் அதிகம் துருத்தாதவர்களுக்கும் இது வரும். முன்பக்கம் விட்டுக்கொடுக்காததால் அழுத்தம் முழுவதும் நரம்பின்மேல் விழுகிறது. இமை மூடாமல் கருவிழி உலர்ந்து புண்ணாவது மூன்றாவது.

இந்த மூன்றில் கதிர்வீச்சுக்கு உரிய இடம் முதலாவது. இரண்டாவதில் அது துணைக்கு மட்டுமே நிற்கிறது. மூன்றாவதில் அதற்கு நேரடி வேலை இல்லை. பார்வை நரம்பு நெரிபடும்போது உடனடித் தேவை, ரத்தக் குழாய் வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு. ஓரிரு வாரங்களுக்குள் போதிய பலன் தெரியாவிட்டால் எலும்புச் சுவரை அகற்றி இடம் உண்டாக்கும் அறுவை செய்யப்படும். கதிர்வீச்சு வேலை செய்யத் தொடங்கவே வாரங்கள் ஆகும். நரம்பால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஸ்டீராய்டுக்கு நரம்பு ஓரளவு மீண்டபின், நோய் திரும்பி மூண்டுவிடாமல் இருக்கச் சில மருத்துவர்கள் கதிர்வீச்சையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கருவிழிப் புண்ணுக்குத் தேவை களிம்பும், செயற்கைக் கண்ணீரும், சில வேளைகளில் இமையைத் தைத்துச் சுருக்குவதும்தான்.

இனி நேரம் பற்றி. தைராய்டு கண் நோய் ஒரே சீராகப் போவதில்லை. ஃபிரான்சிஸ் ரண்டில் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் வரைந்து காட்டிய வளைகோடு இன்றும் பாடநூல்களில் அவர் பெயரோடு வருகிறது: நோய் சில மாதங்கள் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு மெல்ல இறங்கிச் சமநிலைக்கு வரும். ஏறி இறங்கும் இந்தச் செயல்நிலைக் காலம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். முடிந்தபின் அழற்சி இருக்காது. ஆனால் தசையில் தழும்பு விழுந்திருக்கும், கண் பழைய இடத்துக்கு முழுவதும் திரும்பியிருக்காது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். கதிர்வீச்சு செய்வது ஏறக்குறைய அதைத்தான். லிம்போசைட்டுகள் கதிருக்கு மிக எளிதில் இரையாகும் செல்கள். ஓரிரு கிரே அளவே அவற்றைச் சாகச் செய்யப் போதுமானது. கண்குழியில் கூடியிருக்கும் அவை குறைந்தால், நார்த்திசு செல்களைத் தூண்டும் கை ஓய்கிறது. அந்தச் செல்களின் பெருக்கமும் தணிகிறது. ஆனால் அடிப்பிடித்துப்போன சோற்றை, அடுப்பை அணைத்துச் சரிசெய்ய முடியாது. தழும்பு விழுந்த தசைக்கும், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கொழுப்புக்கும் கதிரால் எதுவும் ஆவதில்லை. துருத்திய கண் கதிர்வீச்சால் பெரிதாக உள்ளே போகாததற்கும், மூன்றாண்டு பழகிய இரட்டைப் பார்வைக்கு அது பயன்படாததற்கும் காரணம் இதுவே.

ஆகவே சிகிச்சைக்கு முன் மருத்துவர் அறிய விரும்புவது, நோய் இன்னும் செயல்நிலையில் இருக்கிறதா என்பது. ஏழு அடையாளங்களுக்கு ஒவ்வொரு மதிப்பெண் தரப்படுகிறது: கண்ணுக்குப் பின்னால் தானாக எழும் வலி, கண்ணை அசைக்கும்போது வலி, இமைச் சிவப்பு, வெள்ளைவிழிச் சிவப்பு, இமை வீக்கம், வெள்ளைவிழி மேல் படல வீக்கம், மூக்கோரத்தில் உள்ள சதைமுனையின் வீக்கம். மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் செயல்நிலை என்று கொள்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் தசைக்குள் நீர் கோத்திருப்பது தெரிந்தால் அதுவும் துணைச்சான்று. இந்த மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில் ஒரு குறை உண்டு: வெளியே சிவப்பே இல்லாமல், உள்ளே தசை மட்டும் மாதத்துக்கு மாதம் இறுகிக்கொண்டே போகும் நோயாளிகளும் இருக்கிறார்கள். எனவே இரண்டு மூன்று மாத இடைவெளியில் அளந்த கண்ணசைவுக் குறிப்புகள் கையில் இருப்பது மிகுந்த உதவியாகும்.

கதிர் தரும் முறையைப் பார்ப்போம். உயர் ஆற்றல் கதிரைக் கொண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்குழிக்குச் சிகிச்சை அளித்து, 1973இல் முடிவுகளை வெளியிட்டபோதே ஏறத்தாழ இன்றைய அளவு உருவாகிவிட்டது: நாளொன்றுக்கு 2 கிரே வீதம், 10 நாளில் 20 கிரே. வார இறுதி விடுமுறையை விட்டுக் கணக்கிட்டால் இரண்டு வாரம். வாரத்துக்கு 1 கிரே வீதம் 20 வாரம் தரும் முறையும், மொத்தமே 10 கிரே தரும் முறையும் ஜெர்மனியில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு, பலன் பெரிதாக மாறவில்லை என்று 2000இல் தெரிய வந்தது.

முதல் நாள் சிகிச்சை நடப்பதில்லை, அளவெடுப்பு மட்டுமே. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலைத் தகட்டை முகத்தின்மேல் அழுத்தி வைத்தால், சில நிமிடங்களில் அது முகத்தின் அச்சாக இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் அசையாமல் இருக்க அந்த முகமூடி உதவும். அதை அணிந்தபடியே சி.டி. ஸ்கேன் எடுத்து, கண்குழியின் எல்லைகளைக் கணினியில் வரைகிறார்கள். மூடிய இடங்களில் மூச்சு முட்டுவதுபோல் உணர்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மூச்சு விட இடைஞ்சல் இருக்காது. இறுக்கம்தான் பழக வேண்டும்.

கதிர், லீனியர் ஆக்சிலரேட்டர் எந்திரத்திலிருந்து, இரண்டு பொட்டுப் பக்கங்களிலிருந்தும் எதிரெதிராக வருகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டார்ச் விளக்கின் ஒளி தொலைவு போகப் போக விரிவதுபோலக் கதிரும் விரியும். வலப்பக்கப் பொட்டிலிருந்து வரும் கதிர் வலக் கண்ணின் பின்புறத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்ச் சேரும்போது விரிந்துவிட்டால், இடக் கண்ணின் லென்ஸில் பட்டுவிடும். உடலில் கதிரை மிகக் குறைவாகத் தாங்கும் பகுதிகளுள் லென்ஸ் ஒன்று. அதனால் கதிர்க்கற்றையின் முன்பாதியை மறைத்துவிட்டு, விரியாமல் நேராகச் செல்லும் நடுக்கோடு லென்ஸுக்குப் பின்னால் விழுமாறு வைக்கிறார்கள். அல்லது கற்றையைச் சில பாகை பின்னோக்கிச் சாய்க்கிறார்கள். புதிய எந்திரங்களில் கற்றையின் வடிவத்தையும் செறிவையும் மாற்றிக்கொண்டே கதிரைச் செலுத்தும் முறைகளும் வந்துவிட்டன. எந்த முறையானாலும் ஒரு நாள் சிகிச்சை சில நிமிடங்களே. வலி இல்லை, மருத்துவமனையில் தங்கவும் வேண்டியதில்லை.

முதல் சில நாட்களில் வீக்கம் குறைவதற்குப் பதில் சற்றுக் கூடலாம். இதைத் தடுக்கவே கதிர்வீச்சோடு ஸ்டீராய்டும் சேர்த்துத் தரப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே தருவதைவிடப் பலன் கூடுகிறது என்று பழைய ஆய்வுகள் காட்டின. ஸ்டீராய்டு விரைந்து வேலை செய்து விரைந்து ஓய்கிறது. கதிர் தாமதமாகத் தொடங்கி நீடித்து நிற்கிறது. ஐரோப்பிய நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரட்டைப் பார்வையோ கண்ணசைவுத் தடையோ முன்னிற்கும் நடுத்தர, கடுமையான நோய்க்கு, ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரும் இரண்டாம் கட்டச் சிகிச்சைகளுள் ஒன்றாகக் கதிர்வீச்சு இடம்பெற்றது.

இதன் பலன் பற்றி ஆய்வாளர்கள் ஒருமனதாக இல்லை என்பதை மறைக்கக் கூடாது. நெதர்லாந்தில் 60 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கதிரும், மற்றவர்களுக்குக் கதிரே இல்லாத ஒப்புக்குச் சிகிச்சையும் தந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், கதிர் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 31 விழுக்காட்டினரும் தேறினர். தேறியது பெரும்பாலும் கண்ணசைவில்தான். ஆனால் அதற்குப் பிறகு மாறுகண் அறுவையே தேவைப்படாமல் போனவர்கள், கதிர் பெற்றவர்களில் கால்பங்கினர் மட்டுமே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் 42 பேருக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் கதிர் தந்து, மற்றக் கண்ணை ஒப்பீட்டுக்கு வைத்து, ஆறு மாதம் கழித்து மாற்றித் தந்து பார்த்தது. குறிப்பிடத்தக்க பலன் காணவில்லை என்று எழுதியது. பிரிட்டனில் 126 பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வும், ஸ்டீராய்டு மாத்திரையோடு கதிரைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றே முடித்தது.

இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? மேயோ ஆய்வில் பலருக்கு நோய் தொடங்கி ஓராண்டுக்கு மேல் கடந்திருந்தது. சூடு தணிந்த கண்களில் கதிரின் பலனைத் தேடினால் அது கிடைக்காது என்பது அந்த ஆய்வின்மேல் வைக்கப்படும் விமரிசனம். எனக்கு அந்த விமரிசனத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனாலும் பிரிட்டன் ஆய்வின் முடிவை அதே காரணம் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. துருத்தலுக்காகவோ தோற்றத்துக்காகவோ கதிர்வீச்சைத் தேடுவதில் பொருளில்லை. அண்மையில் தொடங்கி மாதந்தோறும் கூடிவரும் கண்ணசைவுத் தடைக்கு, ஸ்டீராய்டோடு சேர்த்து அதைப் பயன்படுத்துவதில் பொருள் இருக்கிறது என்பதே என் கணிப்பு.

எல்லோருக்கும் இதைத் தர முடியாது. நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் ஏற்கெனவே சேதமடைந்தவர்களுக்குக் கதிர்வீச்சு தரக் கூடாது. அந்தக் குழாய்களைக் கதிர் மேலும் கெடுக்கும். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்தால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதே விலக்கு. நீரிழிவு இருந்தும் விழித்திரை நன்றாக இருந்தால் மருத்துவர் எண்ணிப் பார்த்தே முடிவெடுப்பார். கூடவே தரப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். நீரிழிவு பரவலாக உள்ள நம் ஊர்களில், கதிர்வீச்சுத் துறைக்குப் போகும் முன் கண்மணியை (கருவிழி நடுவே உள்ள துளையை) விரித்து விழித்திரையைப் பார்த்துவிடுவதை யாரும் விட்டுவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது தரப்படுவதில்லை. பிற்காலத்தில் கதிரால் கட்டி தோன்றக்கூடும் என்ற கோட்பாட்டளவிலான அச்சத்தால், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தவிர்க்கப்படுகிறது. நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட கூடுதல் தென்படவில்லை. ஆயினும் முன்னே நீண்ட ஆயுள் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கை தகும்.

உடனடித் தொல்லைகள் சிறியவை: பொட்டுப் பகுதியில் கொஞ்சம் முடி உதிர்தல், தோல் சிவத்தல், கண் வறட்சி. ஆண்டுகள் கழிந்து கண்புரை முன்னதாக வரலாம். அதற்கு வழக்கமான அறுவை இருக்கிறது. அஞ்ச வேண்டியது விழித்திரைச் சேதம்தான். அது அரிது, 1984இல் அமெரிக்காவிலிருந்து எழுதப்பட்ட சில நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கதிரின் அளவைக் கணக்கிட்டதிலும் செலுத்திய முறையிலும் பிழைகள் இருந்தது தெரிந்தது.

புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோய் கடுமையாக வருவதோடு, கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் குறைவாகவே வேலை செய்கின்றன. தைராய்டு அளவு மிகுந்தாலும் குறைந்தாலும் கண் மோசமாகும் என்பதால், அதைச் சமநிலையில் வைப்பதும் கண் சிகிச்சையின் பகுதியே. டெப்ரோட்டுமுமாப் என்னும் ஊசி மருந்து 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு முறை ஏற்றப்படும் அது, கதிர் தொட முடியாத துருத்தலையும் குறைக்கிறது. ஆனால் அதன் விலை மிக அதிகம். செவித்திறன் குறையும் இடரும் அதற்கு உண்டு.

பத்தாம் நாள் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வருபவருக்குப் பார்வையில் எந்த மாற்றமும் தெரியாது; பலர் அன்றைக்கே மனம் சோர்ந்துவிடுகிறார்கள். மாற்றம் சில வாரங்களில் தொடங்கி, ஆறு மாதம் வரை மெல்ல மெல்ல வரும். அதுவரை மூக்குக் கண்ணாடியின்மேல் ஒட்டும் மெல்லிய முப்பட்டகத் தகடு இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கித் தரலாம். அது போதாதபோது கண்ணாடியின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டால் படிக்கவும் நடக்கவும் முடியும். கண் விலகியிருக்கும் அளவு மாறிக்கொண்டிருப்பதால் நிலையான முப்பட்டகக் கண்ணாடிக்கு இப்போதே செலவழிக்க வேண்டாம். அளவுகள் ஆறு மாதம் அசையாமல் நின்றபின், எஞ்சியிருக்கும் இரட்டைப் பார்வைக்கு மாறுகண் அறுவையைத் திட்டமிடுவார்கள். கண்குழியை விரிவாக்கும் அறுவையும் தேவைப்பட்டால் அதுவே முதலில் நடக்கும், ஏனென்றால் அது கண்ணின் நிலையை மீண்டும் மாற்றக்கூடியது. இமைக்கான அறுவை எல்லாவற்றுக்கும் கடைசி.